பழைய கான் கார்னெட்: பெல்லில் உள்ள பூவேலை அழியாமல் லேக்கரை எடுப்பது எப்படி?

கல்மண்டபத்துக்காரி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு பழைய கார்னெட் இருக்கிறது, டிரம்பெட் மாதிரி ஊதும் பித்தளை வாத்தியம். அம்மாவின் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கப்பலில் வந்த ஒருவரிடம் அதை விலைக்கு வாங்கினார் என்று அம்மா சொல்வார். பெல்லின் (விரிந்த வாய்ப்பகுதியின்) மேல் ‘சி. ஜி. கான் லிமிடெட், எல்கார்ட், இண்டியானா’ என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. அதைச் சுற்றி இலையும் கொடியும் பூவுமாகக் கையால் செதுக்கிய வேலை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது.

அதன் மேல் பூசியிருக்கும் லேக்கர்தான், பளபளப்பைக் காக்கும் அந்த மேல்பூச்சுதான், சகிக்கவில்லை. மஞ்சள் ஏறி, பழுத்து, கை படும் இடமெல்லாம் உரிந்து தொங்குகிறது. உரிந்த ஓரங்களில் கறுப்பு. சில இடங்களில் லேக்கருக்கு அடியிலேயே புழு ஊர்ந்த தடம்போல் கோடு கோடாகக் கறை ஓடியிருக்கிறது. காசிமேட்டுக் கடற்காற்று அடிக்கும் வீட்டில் பித்தளை வேறு எப்படி இருக்கும் என்கிறீர்களா? அதுவும் சரிதான்.

ஒரு பாலிஷ் கடையில் காட்டினேன். பஃப் அடித்து (சுழலும் துணிச் சக்கரத்தில் தேய்த்து), புது லேக்கர் போட்டு, ஒரே நாளில் கடையில் வாங்கிய புதுப் பொருளாகத் தருகிறேன் என்றார். பூவேலை போய்விடாதா என்று கேட்டதற்கு, “லேசாகத்தான் தேயும்” என்றார். அந்த ‘லேசாக’ எனக்குப் பிடிக்கவில்லை. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் மகன் கோயில் பேண்டில் ஊதக் கற்றுக்கொண்டிருக்கிறான். பிப்ரவரி 11 பெரம்பூர் லூர்து மாதா திருவிழாவுக்குத் தாத்தாவின் கார்னெட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். வீட்டிலேயே லேக்கரை எடுக்க வழி உண்டா? மௌத்பீஸ் செருகும் குழாயில் சில சிவப்புப் புள்ளிகளும் தெரிகின்றன. அவை கறையா, வேறு ஏதாவதா? லேக்கரை எடுத்தால் குரல் மாறும் என்று சொல்கிறார்களே, அது உண்மையா?

வியாசர்பாடி பேஸ் டிரம்

அக்கா, எங்கள் செட்டில் புளியும் உப்பும்தான். தேய்த்துக் கழுவினால் பளபளவென்று ஆகிவிடும். லேக்கர் போகவில்லை என்றால் காஸ்டிக் சோடா போட்ட வெந்நீரில் முக்கி எடுப்போம். செலவே இல்லை.

புளியந்தோப்பு பட்டறை

அம்மா, அந்தக் கடையிலிருந்து திரும்பி வந்தீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்தது.

பேண்டு வாத்தியம் பழுது பார்த்தே வயதைக் கழித்தவன் நான். ஒடுக்கு எடுப்பேன், ஈயப்பற்று வைப்பேன், சிக்கிய ஸ்லைடை, அதாவது சுருதி சேர்க்க இழுக்கும் குழாயை, கழற்றுவேன். பஃப் சக்கரம் மட்டும் என் பட்டறையில் கிடையாது. அதற்காக வாடிக்கையாளர்களை இழந்திருக்கிறேன். கவலையில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, லேக்கர் உரிந்துபோன இடத்தில் ஒரு இலையின் கோட்டைப் பாருங்கள். அது நேராக இழுத்த கோடாக இருக்காது. அந்தக் காலத்து அமெரிக்கப் பட்டறைகளில் தட்டையான முனையுள்ள சிறு உளியை இடம் வலமாக ஆட்டி ஆட்டி முன்னே தள்ளுவார்கள். கோடு முழுவதும் நுண்ணிய படிக்கட்டாக வளைந்து வளைந்து போகும். வெட்டும்போது ஒதுங்கிய உலோகம் கோட்டின் இரு கரையிலும் வரப்புபோல் எழும்பி நிற்கும். நீங்கள் கண்ணை எடுக்க முடியாமல் பார்க்கிறீர்களே, அந்த மினுக்கு முழுவதும் அந்தப் படிகளிலும் கரைகளிலும் ஒளி பட்டுச் சிதறுவதால் வருவது. பஃப் சக்கரத்தின் துணி முதலில் தின்பது அந்தக் கரையைத்தான். அடுத்து படி மழுங்கும். எழுத்து இருக்கும், பூவும் இருக்கும், படிக்கவும் முடியும். ஆனால் வெளிச்சம் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். ‘லேசாகத் தேயும்’ என்பதற்கு அர்த்தம் அதுதான். எனவே லேக்கரைக் கரைத்து எடுக்க வேண்டும், தேய்த்து எடுக்கக் கூடாது. மற்றதெல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

கையை வைப்பதற்கு முன் உங்கள் கார்னெட்டின் வயதைக் கொஞ்சம் யோசியுங்கள். சார்லஸ் கான் தன் கம்பெனியை 1915இல் விற்ற பிறகுதான் பெயரோடு ‘லிமிடெட்’ சேர்ந்தது. ஆகவே உங்களுடையது அதற்குப் பின் வந்தது. வாத்தியங்களுக்கு லேக்கர் பூசுவது வழக்கமானது 1930களில். அதற்கு முன் வெறும் பித்தளையாகவோ வெள்ளி முலாம் பூசியோ விற்றார்கள். சீரியல் எண்ணை வைத்து வருடத்தைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். 1930க்கு முந்தியது என்றால், இந்த லேக்கர் பெரும்பாலும் கம்பெனி போட்டதாக இருக்காது, பின்னால் யாரோ போட்டதாக இருக்கும். அப்படியானால் அதற்கு முன் யாரோ பஃபும் அடித்திருப்பார்கள். எதற்கும் வால்வுகளுக்கு நடுவே, தாங்குகம்பிகளின் அடியில், பூவேலையின் பள்ளத்தில், சக்கரம் நுழைய முடியாத மூலைகளில் பாருங்கள். வெள்ளை நிறம் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு காலத்தில் முலாம் இருந்தது என்று பொருள்.

சீரியல் எண்ணுக்குப் பக்கத்தில் ஆங்கில ‘எல்’ இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் தாழ்ந்த சுருதி, இன்றைய ஏ 440 (‘ஏ’ ஸ்வரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு). ‘எச்’ என்று இருந்தால் உயர்ந்த சுருதி. அது கோயில் கீபோர்டோடு ஜென்மத்துக்கும் சேராது. பையனை மாதக்கணக்கில் பழக வைத்துவிட்டு இதைக் கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

இனி வேலை. பிஸ்டன், ஸ்பிரிங், மூடி, ஃபெல்ட், கார்க், ஸ்லைடு எல்லாவற்றையும் கழற்றித் தனியே வையுங்கள். மூன்று பிஸ்டனும் இடம் மாறக் கூடாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் இரண்டு முனைகளையும் உலோகத்தின் மேல் மெதுவாக வைத்துப் பாருங்கள், கீற வேண்டாம். மின்சாரம் ஓடவில்லை என்றால் அங்கே லேக்கர் இருக்கிறது. ஓடினால் வெறும் உலோகம். எங்கே லேக்கர் மிச்சம், எங்கே போய்விட்டது என்று கண்ணை விட இது நன்றாகச் சொல்லும். வேலை முடிந்த பிறகும் இதே சோதனைதான்.

பழைய நைட்ரோசெல்லுலோஸ் லேக்கராக இருந்தால் கொதிக்கும் தண்ணீரே பாதியை எடுத்துவிடும். எவர்சில்வர் தொட்டியில் வைத்து மேலே ஊற்றுங்கள். வெளுத்துச் சுருங்கி எழும்பும். பழைய பனியன் துணியால் வழித்துவிடலாம். பயப்பட வேண்டாம், ஈயப்பற்று உருக 183 டிகிரியாவது வேண்டும், தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. ஆனால் அடுப்புத் தீயை நேராகக் காட்டினீர்களோ, குழாய்கள் தனித்தனியாகக் கையில் வரும்.

மிச்சத்துக்கு அசிட்டோன். பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடைகளில் கிடைக்கும். முதலில் மறைவான ஒரு மூலையில் பஞ்சுக்குச்சியால் தொட்டுப் பாருங்கள். பஞ்சு பிசுபிசுத்து மஞ்சளானால் கரைகிறது. நம் ஊர்ச் சூட்டில் ஊற்றிய வேகத்தில் ஆவியாகிவிடும். அதனால் துணியை நனைத்துச் சுற்றி, அதன் மேல் அலுமினியத் தாளைச் சுற்றிச் சிறிது நேரம் விட்டுவிட்டுத் துடையுங்கள். பூவேலைக்குள் மென்மையான பல் பிரஷ் அல்லது மூங்கில் குச்சியின் நுனி. ஊசி, பிளேடு, உப்புத்தாள், கம்பிநார் இவற்றைத் தொட வேண்டாம். இதையெல்லாம் மொட்டை மாடியில் செய்யுங்கள். அசிட்டோன் ஆவி தரையோடு ஊர்ந்து போய்த் தீப்பிடிக்கும். மாடத்தில் மெழுகுவர்த்தி எரிகிற வீட்டுக்குள் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

அசிட்டோனுக்கும் அசையவில்லை என்றால் அது அடுப்பில் வைத்து உறைய வைத்த எபாக்ஸி வகை. அதற்கு மெத்திலீன் குளோரைடு கலந்த பெயின்ட் ரிமூவர்தான் கேட்கும். அதை வீட்டில் வைத்துச் செய்யச் சொல்ல மாட்டேன். அதன் ஆவி உடலுக்குள் போய்க் கார்பன் மோனாக்ஸைடாக மாறும், ஆளையே சாய்க்கும். அப்படியென்றால் லேக்கரோடு ஊதட்டும்.

குரல் விஷயம்: லேக்கரை எடுத்தால் வாத்தியம் திறந்து பாடும் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. என் காதுக்கு எட்டிய வரை வால்வு ஒழுக்கை அடைத்ததால் வந்த மாற்றம்தான் பெரியது.

தண்டையார்பேட்டை கெமிஸ்ட்ரி டீச்சர்

வியாசர்பாடித் தம்பிக்கு மட்டும் ஒரு வார்த்தை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். வாத்தியத் தகட்டில் பெரும்பாலும் எழுபதுக்கு முப்பது. புளியின் அமிலத்தில் அதிக நேரம் ஊறினால் கரைந்த செம்பு மேலே வந்து படிந்து இளஞ்சிவப்பாகிவிடும். உப்பு அதைவிட மோசம். குளோரைடு பூவேலையின் பள்ளத்தில் தங்கினால் எவ்வளவு கழுவினாலும் மழைக்காலத்தில் பச்சைக் களிம்பாக எழும்பி வரும். குத்துவிளக்கை வாரந்தோறும் துலக்குகிறோம், அதனால் நமக்கு அது தெரிவதில்லை. காஸ்டிக் சோடா துத்தநாகத்தைத் தின்னும். கண்ணில் தெறித்தால் என்ன ஆகும் என்று நான் வகுப்பிலேயே பலமுறை கத்தியாயிற்று.

விரல் வைக்கும் பொத்தான்கள் அசல் முத்துச்சிப்பி என்றால் அவையும் சுண்ணாம்புதான், எந்த அமிலமும் ஆகாது.

இன்னொன்று அம்மோனியா. சில உலோகப் பாலிஷ்களில் அது இருக்கும், மூடியைத் திறந்தாலே மூக்கில் ஏறும். வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவில் ராணுவத் தோட்டாக்களின் பித்தளை உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்த பெட்டிகள் அவை. காரணம் 1921இல்தான் பிடிபட்டது. தகட்டை இழுத்து உறையாக ஆக்கியபோது உள்ளே தங்கிய இறுக்கம் ஒரு பக்கம், குதிரை மூத்திரத்தின் அம்மோனியா மறு பக்கம். இரண்டும் சேர்ந்தால் பித்தளை விரிசல் விடும். வாத்தியத்தின் பெல்லும் அடித்து, இழுத்து, விளிம்பைச் சுருட்டிச் செய்ததுதான். எப்போதாவது ஒருமுறை துடைத்துக் கழுவினால் ஒன்றும் ஆகாது. பள்ளங்களில் பாலிஷை அப்பிவிட்டு அப்படியே வைப்பதுதான் வேண்டாத வேலை.

மின்ட் மணிக்கூண்டு

எதற்கு இவ்வளவு பாடு? பஃப் அடித்து முடித்துவிட்டுப் பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவரிடம் கொடுத்தால் பூவை மறுபடி வெட்டித் தந்துவிடுவார். பிறகு வெள்ளி முலாம் பூசினால் யாருக்குத் தெரியப்போகிறது?

புளியந்தோப்பு பட்டறை

மணிக்கூண்டு ஐயா, கல்யாணச் சீர் டம்ளரில் ‘அன்பளிப்பு’ என்று புள்ளி குத்துகிற மிஷின் அது. அந்தத் தொழிலைக் குறை சொல்லவில்லை. அந்த வேகத்துக்கு அது நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தப் புள்ளிகளை எல்கார்ட் இலை மேல் குத்தினால் இரண்டு வேலையும் கெடும். முலாம் பூசுகிறவரும் முதலில் கண்ணாடி வழவழப்பாகப் பஃப் அடிக்காமல் தொட்டியில் இறக்க மாட்டார். கேட்டுப் பாருங்கள்.

கல்மண்டபத்துக்காரி

நன்றி ஐயா, நன்றி டீச்சர். காஸ்டிக் சோடா வாங்கி வைத்திருந்த என் மைத்துனரிடம் டீச்சர் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். டப்பா கழிவறைக்குப் போய்விட்டது.

மாடியில் வைத்து வெந்நீர் ஊற்றினோம். ஐயா சொன்னதுபோலவே வெளுத்துச் சுருங்கி, துணியோடு வந்துவிட்டது. தாங்குகம்பிகளின் அருகில் மட்டும் அசிட்டோன் தேவைப்பட்டது. மல்டிமீட்டர் இப்போது எல்லா இடத்திலும் ஓடுகிறது.

பெரிய செய்தி இனிமேல்தான். பூவேலைக்குள் ஊறிய பழுப்பு போனதும் பள்ளங்களில் வெள்ளை தெரிகிறது! இலை நரம்பு ஒவ்வொன்றிலும் மெல்லிய வெள்ளி இழை. மற்ற இடமெல்லாம் பித்தளை. இரண்டாம் வால்வுக்குப் பின்னாலும் ஒரு திட்டு. அப்படியானால் ஒரு காலத்தில் முழுவதும் வெள்ளியாக இருந்ததா? பெயர் வெட்டிய இடத்தில் ‘எல்கார்ட்’ என்பதன் கடைசி எழுத்துகள் மங்கலாகவும், இலைகள் கூர்மையாகவும் இருக்கின்றன. சுருதி எழுத்து ‘எல்’ தான்.

பித்தளை இப்போது திட்டுத்திட்டாகப் பழுப்பு. புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொரு சிவப்புப் புள்ளியின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி. இவற்றைத் தேய்க்கலாமா? மறுபடி லேக்கர் போட வேண்டுமா?

புளியந்தோப்பு பட்டறை

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள் அம்மா. ஆம், அது முழு வெள்ளியாக வந்த வாத்தியம். இடையில் யாரோ கறுத்த வெள்ளியைத் துலக்கச் சோம்பல்பட்டு, சக்கரத்தில் கொடுத்து முலாமைத் தின்னவைத்து, அடியில் தெரிந்த பித்தளையை மறைக்க லேக்கர் பூசியிருக்கிறார்கள். சக்கரம் பிடித்தவரின் கை எழுத்துப் பக்கம் அழுத்தி, இலைப் பக்கம் தளர்ந்திருக்கிறது. உங்கள் நல்ல காலம். ஒருமுறை தேய்ந்த வேலை அது. இன்னொரு முறை தாங்காது.

பள்ளத்து வெள்ளியைத் தொடாதீர்கள். அதன் ஓரத்தில் கறுப்பு இருந்தால் அதுவும் இருக்கட்டும். கறுப்பு இருந்தால்தான் வரைவு கண்ணுக்கு எழும்பும். கிண்ணத்தில் வெள்ளி துலக்கும் திரவத்தை ஊற்றி முக்கி எடுக்கும் எண்ணம் யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள். அதில் உள்ள அமிலம் பித்தளையைப் பதம் பார்க்கும்.

பித்தளைத் திட்டுகளுக்கு: மருந்துக் கடையிலோ கெமிக்கல் கடையிலோ கிடைக்கும் வீழ்படிவுச் சுண்ணப்பொடியை (பிரெசிபிடேட்டட் சாக்) தண்ணீரில் குழைத்து, மெல்லிய பருத்தித் துணியை விரலில் சுற்றித் தேயுங்கள். பலகைக் கட்டையில் சுற்றித் தேய்த்தால் மேட்டை மட்டும் தின்னும், விரல் வளைவோடு போகும். பூவேலைக்கு மேல் ஒருமுறை தடவினால் போதும். கரும்பழுப்பு முழுவதும் போக வேண்டும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். முக்கால்வாசி வெளுத்தால் போதும் என்பது என் கட்சி. அந்த வயது வாத்தியம் நேற்று வாங்கிய பாத்திரமாகத் தெரிவது எனக்குப் பிடிக்காது. இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் உண்டு, அவர்கள் கைக்கு அவர்கள் பொறுப்பு. முடிந்ததும் நிறையத் தண்ணீரில் அலசி, ஹேர் டிரையரால் மூட்டுகளில் உள்ள ஈரத்தை ஓட்டிவிடுங்கள்.

புதிய லேக்கர் வேண்டாம். ஸ்பிரே டப்பாவில் அடிக்கும் லேக்கர் நம் ஈரக் காற்றில் உலரும்போதே நீரை உறிஞ்சி வெளிறிப்போகும். அதைவிட, அடியில் ஒரே ஒரு விரல் ரேகை மாட்டிக்கொண்டாலும் அது ஆயுளுக்கும் அங்கேயே கறுக்கும். உங்கள் பழைய லேக்கரின் அடியில் ஓடிய புழுத்தடமும் இப்படி எங்கோ ஒரு ஓட்டையில் ஈரம் நுழைந்து ஆரம்பித்ததுதான். மெழுகு பூசுங்கள். அருங்காட்சியகங்களில் உலோகத்துக்குப் பூசும் மைக்ரோ கிரிஸ்டலின் மெழுகு கிடைத்தால் உத்தமம். இல்லையென்றால் கார்களுக்கு விற்கும் கார்னாபா மெழுகு. ‘கட்டிங்’, ‘ரப்பிங்’ என்று டப்பாவில் எழுதியிருந்தால் அதில் உலோகத்தை அராவும் பொடி இருக்கிறது, வாங்காதீர்கள். மெல்லியதாகப் பூசி, காய்ந்ததும் துணியால் எடுத்துவிடுங்கள். கை படும் இடத்தில் சீக்கிரம் போய்விடும், மறுபடி பூசிக்கொள்ளலாம். ஊதி முடித்ததும் பையன் வியர்வையைத் துடைத்து வைக்கட்டும். கடற்காற்றை விட மோசமானது கை வியர்வை.

புள்ளிகளைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நடுவில் கருமை, சுற்றிச் சிவப்பு என்றால் அது மேலே ஒட்டிய கறை அல்ல. ஊதுகிற எச்சிலும் அழுக்கும் உள்ளே தங்கி, பித்தளையிலிருந்து துத்தநாகம் வெளியேறி, உள்ளிருந்து வெளியே வந்திருக்கிறது. அங்கே மிஞ்சியது ஓட்டைச் செம்பு. தேய்த்தால் போகாது, தேய்க்கத் தேய்க்கத் துளைதான் விழும். அப்படியே விடுங்கள். காற்று ஒழுகாத வரை ஊதலாம். ஒருநாள் அந்தக் குழாயை மட்டும் மாற்ற வேண்டி வரும். பழைய குழாயைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அது வரை உள்ளே வளையும் பிரஷை விட்டு அடிக்கடி கழுவினால் ஆயுள் கூடும்.

கல்மண்டபத்துக்காரி

மெழுகு வாங்கிவிட்டேன் ஐயா. ‘கட்டிங்’ இல்லாததுதான், கடைக்காரரைப் படிக்கச் சொல்லிவிட்டு நானும் படித்தேன். ஒரே ஒரு சிக்கல். தாத்தாவின் மௌத்பீஸ் குழாயில் இறுகிக் கிடக்கிறது. வெந்நீர் ஊற்றியும் வரவில்லை. மைத்துனர் பிளையரோடு நிற்கிறார்.

புளியந்தோப்பு பட்டறை

பிளையரைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்! இப்போதே. அந்தக் குழாய்தான் செம்பாகிக் கிடக்கிறது என்று மேலே எழுதினேன். முறுக்கினால் முறுக்குப் பலகாரம் ஆகிவிடும். மௌத்பீஸ் இழுக்கும் கருவி என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் திருகு வைத்து நேராக வெளியே தள்ளும், முறுக்காது. பேண்டு வாத்தியம் பழுது பார்க்கிற எந்தப் பட்டறையிலும் இருக்கும், சில நிமிட வேலை. அது வரை இடைவெளியில் இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு வையுங்கள். பட்டறைக்காரர் “அப்படியே பஃபும் அடித்துத் தரட்டுமா” என்று கேட்பார். என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.